மிதித்த கால்களும் எழுதிய கையும்

சென்ற குளிர்காலத்தில் நம் விடுதிகளுக்கிடையே நடந்த சைக்கிள் பந்தயத்தை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் நானும் கலந்துகொண்டேன். கடைசிக்கு முந்திய இடத்தைப் பெற்றேன். மிதிக்கத் தெரியாதவனுக்கு எழுதவாவது தெரியும் என்று எண்ணினாரோ என்னவோ, பந்தயத்தைப் பற்றி நம் தமிழ் மன்றத்தின் அறிவிப்புப் பலகைக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் என்னைக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். நூலகத்தருகே உள்ள வளைவில் நண்பர் ஒருவர் சறுக்கி விழுந்த காட்சியை வேடிக்கையாக விரித்து எழுதியிருந்தேன். படித்தவர்கள் சிரித்தார்கள், நானும் மகிழ்ந்தேன்.

இரண்டு நாள் கழித்து அந்த நண்பர் என் அறைக்கு வந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. விழுந்தபின் தாம் எழுந்ததையும், கோணிப்போன ஹேண்டில்பாரைக் கையாலேயே நிமிர்த்திக்கொண்டு, முழங்காலில் இரத்தம் வழிய மூன்றாவதாக வந்து சேர்ந்ததையும் நான் எழுதவில்லை என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒருவன் காலால் செய்ததை இன்னொருவன் கையால் எழுதுகிறான். அப்படி எழுதுகிறவனுக்கு அவன்மீது எவ்வளவு அதிகாரம் கிடைத்துவிடுகிறது!

இந்த எண்ணத்தோடு சைக்கிள் பந்தயங்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். அதில் ஒரு மனிதர் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார். முதலில் சைக்கிள் மிதித்துப் புகழ் பெற்றவர். பிறகு மிதிப்பவர்களைப் பற்றி எழுதி அதனினும் பெரும்புகழ் பெற்றவர். உலகத்தின் மிகப் பெரிய சைக்கிள் பந்தயத்தை நடத்திக் காட்டியவர். அதில் ஓடியவர்களைக் கசக்கிப் பிழிந்தவரும் அவரே. பிரெஞ்சு நாட்டு ஆன்றி தெகிராஞ்சு என்பது அவர் பெயர். அவருடைய வாழ்க்கையை நம் மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

குமாஸ்தாவின் கெண்டைக்கால்

தெகிராஞ்சு 1865-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். சட்டத் துறையில் பயிற்சி பெற்று, பாரிஸ் நகரத்து வக்கீல் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக அமர்ந்தார். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு அதைவிடப் பாதுகாப்பான வேலை வேறென்ன வேண்டும்? நம் ஊரில் பி.எல். முடித்து, மூத்த வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்துவிட்ட பிள்ளையைப் பெற்றோர் எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் அங்கும் பார்த்திருப்பார்கள்.

1891-இல் அவருடைய வாழ்க்கை திசை மாறியது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறு. போர்தோ நகரிலிருந்து பாரிஸ் வரை அவ்வாண்டு முதன்முறையாக நடந்த நெடுந்தூரச் சைக்கிள் பந்தயத்தின் முடிவைக் காணப் போயிருந்தார். இங்கிலாந்து நாட்டு மில்ஸ் என்பவர் ஒரு நாளுக்கும் மேலாக மிதித்துக்கொண்டே வந்து வெற்றி பெற்றார். புழுதி படிந்த அந்த மனிதரைக் கண்டதும் குமாஸ்தாவின் மனத்தில் தீப்பொறி ஒன்று விழுந்தது. அன்று முதல் அவரும் பந்தயத் திடலில் இறங்கிவிட்டார்.

அவர் வேலையை இழந்தது பற்றி ஒரு கதை வழங்கி வருகிறது. அரைக்கால் சட்டையோடு சைக்கிளில் போன அவருடைய கெண்டைக்கால்களை அலுவலகத்தின் கட்சிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டாராம். இப்படிப்பட்டவர் சட்ட அலுவலகத்தில் இருக்கலாமா என்று முறையிட்டாராம். அலுவலகமா, சைக்கிளா என்ற கேள்வி எழுந்தது. தெகிராஞ்சு சைக்கிளைத் தேர்ந்துகொண்டார். கதை எவ்வளவு உண்மையோ, அவர் வக்கீல் தொழிலைவிட்டுச் சைக்கிளின் பின்னே போனது உண்மை.

ஒரு மணி நேரம்

பந்தயங்களில் இரு வகை உண்டு. இவ்வளவு தூரத்தை யார் முதலில் கடப்பது என்பது ஒரு வகை. இவ்வளவு நேரத்தில் யார் அதிக தூரம் கடப்பது என்பது மற்றொரு வகை. இரண்டாவது வகையில் புகழ்பெற்றது ஒரு மணி நேரச் சாதனை. வட்டத் திடலில் ஒருவர் தனியாக இறங்கி, அறுபது நிமிடம் ஓயாமல் சுற்ற வேண்டும். எதிரே எதிராளி இல்லை. கடிகாரம் ஒன்றுதான் எதிராளி.

1893-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள், பாரிஸ் நகரத்து எல்லையிலிருந்த பபலோ திடலில் தெகிராஞ்சு இறங்கினார். ஒரு சுற்று ஏறத்தாழ 333 மீட்டர். நூறு சுற்றுக்கு மேல் சுற்றினார். மணி முடிந்தபோது அவர் கடந்திருந்த தூரம் 35.325 கிலோமீட்டர். முறைப்படி பதிவாகி ஏற்கப்பட்ட முதல் ஒரு மணி நேரச் சாதனை இதுதான். இதைத் தவிர வேறு பல தூரங்களிலும் அவர் திடல் சாதனைகளைப் படைத்தார். மூன்று சக்கர வண்டிப் பந்தயத்திலும் வெற்றி வீரராக விளங்கினார்.

ஆனால் சாதனை என்பது ஆற்று மணலில் எழுதிய எழுத்து. அடுத்த வெள்ளம் வரும் வரைதான் அதற்கு வாழ்வு. 1894 அக்டோபரில் அதே நாட்டு ழூல் துபுவா 38.220 கிலோமீட்டர் சென்று அதை அழித்துவிட்டார். 2022-இல் இத்தாலிய வீரர் பிலிப்போ கன்னா ஒரு மணியில் 56.792 கிலோமீட்டர் சென்றார். இது தெகிராஞ்சின் தூரத்தைப்போல் 1.6 மடங்கு. இங்கே விஞ்ஞான மாணவனாகிய நான் ஒரு சிறு கணக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேகமாகச் செல்லும் சைக்கிள்காரனுக்குப் பெரும் பகை காற்றின் தடையே. அதை வெல்வதற்கு வேண்டிய ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பப் பெருகும். ஆகவே, மற்றவை எல்லாம் சமமாக இருந்தால், 1.6 மடங்கு வேகத்துக்கு நான்கு மடங்குக்கு மேல் ஆற்றல் வேண்டும். எந்த மனிதனுடைய காலும் நூற்று முப்பது ஆண்டுகளில் நான்கு மடங்கு வலுத்துவிடவில்லை. உடலைக் குனித்து வைக்கும் முறை, ஆடை, சக்கரம், திடலின் தளம், பயிற்சி ஆகியவற்றில் அறிவு செய்த வேலைதான் பெரும்பகுதி.

கால்களால் மட்டும் வெல்ல முடியாது, தலையும் வேண்டும் என்பதைத் தெகிராஞ்சு தம் காலத்திலேயே உணர்ந்திருந்தார். 1894-இல் அவர் எழுதிய பயிற்சி நூலுக்கு 'தலையும் கால்களும்' என்ற பொருளில் பெயர் வைத்தார். தம்மை வென்றவர்கள் வந்துவிட்டார்கள் என்பதை அறிந்தவர், தமக்கு மிஞ்சியிருக்கும் தலையைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். கிளெமான் என்ற சைக்கிள் உற்பத்தியாளரிடம் விளம்பர வேலை பார்த்தார். 1897-இல் பாரிஸ் நகரத்தில் பார்க் தெ பிரேன்ஸ் திடலுக்கு நிருவாகியானார். ஓடியவர் இப்போது ஓட்டுபவராகிவிட்டார்.

மஞ்சள் தாளும் பச்சைத் தாளும்

அக்காலத்தில் பிரெஞ்சு நாட்டின் முதன்மையான விளையாட்டு நாளேடு 'லெ வேலோ' என்பது. பச்சை நிறத் தாளில் வெளிவரும். அதன் ஆசிரியர் பியர் ழிபார். அந்நாட்டையே இரண்டாகப் பிளந்த டிரைபஸ் வழக்கு அப்போது நடந்துகொண்டிருந்தது. யூதரான இராணுவ அதிகாரி ஒருவர் மீது சுமத்தப்பட்ட பொய்யான துரோகக் குற்றச்சாட்டு அது. ழிபார் டிரைபசின் பக்கம் நின்றார். கார் உற்பத்தியாளரான கோமகன் தெ தியோன் எதிர்ப்பக்கம் நின்றார். 1899-இல் குதிரைப் பந்தயத் திடலில் குடியரசுத் தலைவருக்கு எதிராக நடந்த கலவரத்தில் தெ தியோன் கைதாகிப் பதினைந்து நாள் சிறைத் தண்டனை பெற்றார். ழிபார் அவரைக் கண்டித்து எழுதினார். சினமுற்ற தெ தியோன் தம் விளம்பரங்களை நிறுத்திக்கொண்டார். கிளெமான், மிஷ்லேன் முதலிய உற்பத்தியாளர்களையும் சேர்த்துக்கொண்டு போட்டி ஏடு ஒன்றைத் தொடங்கினார். அதற்கு ஆசிரியராக அவர்கள் தேர்ந்தெடுத்தவர்தான் தெகிராஞ்சு.

1900-ஆம் ஆண்டு அக்டோபர் 16-இல் 'லோட்டோ-வேலோ' வெளிவந்தது. பச்சைக்கு எதிராக மஞ்சள் தாளில் அச்சிட்டார்கள். ஆனால் விற்பனை ஏறவில்லை. பெயரைப் பற்றி ழிபார் வழக்குத் தொடுத்து வென்றார். 1903 ஜனவரியில் பெயரிலிருந்த 'வேலோ'வை விட வேண்டியதாயிற்று. வேலோ என்றால் சைக்கிள். சைக்கிளைப் பற்றிய ஏட்டின் பெயரில் சைக்கிளே இல்லாமற் போயிற்று.

அந்த நெருக்கடிக்கு நடுவில்தான், 1902 நவம்பர் 20-ஆம் நாள், ஏட்டின் அலுவலகத்தில் ஆலோசனைக் கூட்டம் ஒன்று நடந்தது. இருபத்தைந்து வயது இளைஞரான ழெயோ லெபேவர் என்ற நிருபர், பிரான்ஸ் நாடு முழுவதையும் சுற்றி வரும் சைக்கிள் பந்தயம் ஒன்றை நடத்தலாமே என்றார். வேறு யோசனை ஒன்றும் தோன்றாததால் சொன்னார் என்பார்கள். தெகிராஞ்சு அவரைப் பகலுணவுக்கு அழைத்துச் சென்று, அதைப் பற்றித் தயக்கத்தோடு பேசினார். செலவுக்குப் பொறுப்பாளரான விக்டர் கொதே இசைந்ததும் காரியம் நடந்தது.

யாரும் முழுதாய்க் காணாத பந்தயம்

முதலில் ஐந்து வாரப் பந்தயமாக அறிவித்தார்கள். பெயர் கொடுத்தவர்கள் மிகச் சிலரே. நாட்களைப் பத்தொன்பதாகக் குறைத்தார்கள். நுழைவுக் கட்டணத்தை 20 பிராங்கிலிருந்து 10 பிராங்காக்கினார்கள். ஓரளவு வேகத்தோடு ஓடுபவர்களுக்குத் தொழிற்சாலைக் கூலி அளவுக்கு நாட்படியும் தருவதாகச் சொன்னார்கள். உடனே பெயர்கள் வந்து குவிந்தன. கூலிக்காரனும் ஓடலாம் என்றால் கூலி வேண்டுமல்லவா!

1903 ஜூலை முதல் நாள், பாரிசுக்கு அருகிலுள்ள மோன்ழெரோன் என்ற ஊரில் 60 பேர் புறப்பட்டார்கள். முதற்கட்டம் லியோன் நகர் வரை 467 கிலோமீட்டர். நம் கணக்கில் சென்னையிலிருந்து மதுரையைத் தாண்டும் தூரம். பகலில் புறப்பட்டு இரவெல்லாம் மிதித்து மறுநாள் போய்ச் சேர வேண்டும். மோரிஸ் கரேன் என்பவர் 17 மணி 45 நிமிடத்தில் முதலில் சென்று சேர்ந்தார். இத்தாலியில் பிறந்து, புகைபோக்கிகளைத் துடைத்துப் பிழைத்து, பிரெஞ்சுக் குடிமகனானவர் அவர். ஆறு கட்டங்களில் 2,428 கிலோமீட்டரையும் கடந்து, ஜூலை 19-இல் பாரிசில் வெற்றி பெற்றவரும் அவரே. புறப்பட்ட அறுபது பேரில் பந்தயத்தை முடித்தவர்கள் இருபத்தொருவர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். திடலில் நடக்கும் பந்தயத்தைச் சீட்டு வாங்கியவர் எல்லாம் கண்ணாரக் காணலாம். நாட்டைச் சுற்றும் பந்தயத்தை எவராலும் முழுதாகக் காண முடியாது. சாலையோரத்தில் நிற்பவன் ஒரு நிமிடம் காண்பான்; இரவென்றால் அதுவும் இல்லை. மீதி அனைத்தையும் அவன் மறுநாள் மஞ்சள் தாளில் படித்துத்தான் காண வேண்டும். இப்பொழுது ஒளிபரப்பில் பார்க்கிறோம். வானொலிக் காலத்தில் கிரிக்கெட் நேர்முக வர்ணனையைக் கேட்டுக்கொண்டே ஆட்டத்தை மனக்கண்ணால் கண்ட தாத்தாக்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்களுக்கு இது நன்றாகப் புரியும். சொல்பவன் இல்லையேல் ஆட்டமே இல்லை.

அந்த முதற்பந்தயத்தைத் தொடர்ந்து சென்றவர் தெகிராஞ்சு அல்லர். அவர் பாரிசில் இருந்துவிட்டார். இரயிலிலும் சைக்கிளிலுமாக ஓடி ஓடிச் செய்தி அனுப்பியவர் இளைஞர் லெபேவரே. வெற்றி தெரிந்த பிறகுதான் ஆசிரியர் அதைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். பந்தயத்துக்கு முன் நாளொன்றுக்கு 25,000 படிகள் விற்ற ஏடு, பிறகு 65,000 படிகள் விற்றது. 1904-இல் பச்சை ஏடு நின்றுபோயிற்று. நின்ற ஏட்டின் ஆசிரியரான ழிபாரைப் பின்னர்த் தம் ஏட்டிலேயே எழுதவைத்தார் தெகிராஞ்சு. இச்செயல் அவருடைய பெருந்தன்மையைக் காட்டுகிறது.

துருத்தி ஊதிய சிறுவன்

1904-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் அநியாயம் தலைவிரித்தாடியது. இரவில் இரசிகர்கள் தங்களுக்கு வேண்டாத வீரர்களை வழிமறித்து அடித்தார்கள். சாலையில் ஆணிகளைத் தூவினார்கள். சில வீரர்கள் குறுக்கு வழியில் போனார்கள். கரேன் உட்பட முதல் நான்கு இடத்தவரும் பின்னர் நீக்கப்பட்டு, பத்தொன்பது வயது கோர்னே வெற்றி வீரராக அறிவிக்கப்பட்டார். பந்தயம் தன் வெற்றியாலேயே செத்துவிட்டது என்ற பொருள்படத் தெகிராஞ்சு மனம் வெதும்பி எழுதினார். எனினும் கைவிடவில்லை. கட்டங்களைச் சுருக்கினார், இரவோட்டத்தைக் குறைத்தார், விதிகளை இறுக்கினார். இறுக்கத் தொடங்கிய கை பிறகு தளரவே இல்லை.

1910-இல் பிரனீஸ் மலைகளைப் பந்தயத்தில் சேர்த்தார்கள். வழி பார்க்கச் சென்ற அலுவலகத் தோழர் ஸ்டைனஸ், தூர்மாலே கணவாயில் இரவில் பனியில் சிக்கிப் பிழைத்து வந்தும், பாதை நன்றாக இருக்கிறதென்று தந்தி கொடுத்துவிட்டார். நான்கு பெருங்கணவாய்கள் கொண்ட 326 கிலோமீட்டர்க் கட்டத்தில் வீரர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். அவ்வாண்டு வெற்றி பெற்ற ஒக்தாவ் லாபீஸ், மேட்டில் நின்ற அமைப்பாளர்களைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று கத்தினார். அந்தச் சொல் வரலாற்றில் நின்றுவிட்டது.

1913-இல் நடந்ததை நினைத்தால் என் நெஞ்சு இன்னும் கனக்கிறது. யூழேன் கிறிஸ்தோப் என்ற வீரர் முன்னணியில் இருந்தார். தூர்மாலே இறக்கத்தில் அவருடைய சைக்கிளின் முன் போர்க் முறிந்தது. எவருடைய உதவியும் பெறக்கூடாது, வேறு சைக்கிளும் வாங்கக்கூடாது என்பது விதி. அவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பல கிலோமீட்டர் நடந்து, சேன்ட் மரி தெ காம்பான் என்ற சிற்றூரின் கொல்லன் பட்டறையை அடைந்தார். தாமே நெருப்பில் இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டினார். நடுவர்கள் அருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு இரண்டு கைகள்தாமே! சிறுவன் ஒருவன் துருத்தியை ஊதிக் கொடுத்தான். அந்த உதவிக்காக அவருக்குப் பத்து நிமிடம் தண்டனை விதித்தார்கள். பிறகு அதை மூன்றாகக் குறைத்தார்கள். ஏற்கெனவே மணிக்கணக்கில் இழந்தவருக்கு மூன்றென்ன, பத்தென்ன?

ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் நமக்கு விதியின் அருமை தெரியும். ஒரே அளவுகோல் எல்லாருக்கும் இல்லாவிட்டால் அளப்பதில் பொருளில்லை. தெகிராஞ்சு ஒரு மணி நேரத்தில் தம்மைத்தாமே அளந்துகொண்டவர். தனி மனிதன், அவனுடைய சைக்கிள், அவனுடைய மனவுறுதி ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் கணக்கில் வரக்கூடாது என்பது அவர் கொள்கை. ஒரே ஒருவன் மட்டும் பாரிஸ் வந்து சேரும் பந்தயமே சிறந்த பந்தயம் என்று அவர் கருதியதாகச் சொல்வார்கள். மேடேறும்போது வீரன் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஓடிக்கொண்டே கியர் மாற்றும் கருவியை அவர் நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. அவர் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, 1937-இல்தான் அது வந்தது. அவருடைய கொள்கையில் உயர்வு உண்டு. ஆனால் அவர் தம்மை அளந்தது ஒரே ஒரு மணி நேரம், வழவழப்பான திடலில். மற்றவர்களை அளந்ததோ வாரக்கணக்கில், மலைப் பனியில். தாம் ஒருபோதும் ஓடாத பந்தயத்துக்கு அவர் விதி எழுதினார்.

போர் என்னும் பந்தயம்

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. ஆகஸ்டு 3-ஆம் நாள் தெகிராஞ்சு தம் ஏட்டின் முதற்பக்கத்தில், போரை ஒரு மாபெரும் போட்டியாக வருணித்து, இளைஞர்களைப் போர்க்களத்துக்கு ஏவி, ஜெர்மானியர்களை இகழ்ந்து எழுதினார். வருணித்துப் பழகிய கைக்கு எல்லாமே பந்தயமாகத் தோன்றும் போலும். அவர் புகழ்ந்து எழுதிய வீரர்கள் களம் சென்றார்கள். 1909-இல் வென்ற பாபேர் 1915-இல் மாண்டார். மலை மேல் நின்று கத்திய லாபீஸ் விமானப் படையில் சேர்ந்து, 1917 ஜூலை 14-இல் சுட்டு வீழ்த்தப்பட்டார். இருமுறை வென்ற பெத்தி பிரத்தோன் அதே ஆண்டு டிசம்பரில் படைப்பணியிலேயே விபத்தில் இறந்தார். பந்தயத்தில் வென்ற மூவர் போரில் மறைந்தனர்.

இந்த இடத்தில் தெகிராஞ்சு செய்த செயல் என்னை வியக்க வைத்தது. 1917-இல், தம் ஐம்பத்திரண்டாம் வயதில், சாதாரணப் படைவீரனாகத் தாமே முன்வந்து சேர்ந்தார். பதுங்கு குழிகளிலிருந்து புனைபெயரில் தம் ஏட்டுக்குத் தொடர்ந்து எழுதினார். வீரத்துக்கான போர்ச் சிலுவை விருதையும் பெற்றார். பிறரை ஏவியவர் தம் காலையும் ஒருமுறை அந்தச் சேற்றில் வைத்துவிட்டார். மாண்ட இளைஞர்களை அது மீட்டுத் தராது. ஆயினும் அவர் கணக்கில் அதை எழுதாமல் விட்டால் நாம் நீதியற்றவர்களாவோம்.

மஞ்சள் சட்டை

போருக்குப் பின் 1919-இல் பந்தயம் மீண்டும் நடந்தது. சாலைகள் குண்டுகளால் குதறப்பட்டிருந்தன. 67 பேர் புறப்பட்டதில் முடித்தவர்களாகப் பதிவானவர்கள் 10 பேரே. முன்னணி வீரனை மக்கள் எளிதில் அடையாளம் காண வேண்டுமென்று, ஏட்டின் தாள் நிறத்திலேயே ஒரு மஞ்சள் சட்டை கொடுத்தார்கள். ஜூலை 19-இல் கிரெனோபிள் நகரில் அதை முதன்முதல் அணிந்தவர் யார் தெரியுமா? துருத்திக்காகத் தண்டிக்கப்பட்ட அதே கிறிஸ்தோப். விதியின் கொடுமை, அவ்வாண்டும் அவர் சைக்கிளின் முன் போர்க் முறிந்து வெற்றி கைநழுவிப் போயிற்று. அவர் ஒருமுறைகூடப் பந்தயத்தை வெல்லவில்லை. ஆயினும் வென்ற பலரை மறந்த மக்கள் அவரை மறக்கவில்லை.

1924-இல் ஆசிரியரின் அதிகாரத்துக்கு முதற்பெரும் அடி விழுந்தது. முந்திய ஆண்டு வென்றவர் ஆன்றி பெலிசியே. எதை உடுத்திப் புறப்பட்டார்களோ அதோடுதான் வந்து சேர வேண்டும் என்பது ஒரு விதி. விடியற்காலைக் குளிருக்காகக் கூடுதலாக அணிந்த சட்டையை வெயிலில் கழற்றி எறியக்கூடாது. நடுவர் ஒருவர் சட்டையைத் தூக்கி எண்ணிப் பார்த்ததில் பெலிசியே மானமிழந்ததாக எண்ணி, தம்பியோடும் தோழரோடும் குத்தான்ஸ் என்ற ஊரில் பந்தயத்தை விட்டு விலகினார். அங்கே அவர்களைச் சந்தித்தவர் அல்பேர் லோந்தர் என்னும் நிருபர். முந்திய ஆண்டு தென் அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சுக் குற்றவாளிகள் குடியிருப்பைப் பற்றி எழுதி நாட்டை உலுக்கியவர் அவர். வீரர்கள் வலி தாங்குவதற்காக உட்கொள்ளும் மருந்துகளையும் மாத்திரைகளையும் பைகளிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். லோந்தர் அதை அப்படியே எழுதினார். வீரர்களுக்குச் சாலைக் கைதிகள் என்ற பெயர் நிலைத்தது. இருபது ஆண்டுகளாக ஒரே கை எழுதிவந்த கதையை இன்னொரு கை மாற்றி எழுதிவிட்டது.

தெகிராஞ்சு எளிதில் மாறும் இயல்பினர் அல்லர். எனினும், சைக்கிள் கம்பெனிகள் பந்தயத்தைத் தம் விருப்பப்படி வளைக்கின்றன என்று கண்டபோது துணிந்து ஒன்று செய்தார். 1930 முதல் கம்பெனி அணிகளை நீக்கி, நாட்டு அணிகளை வைத்தார். எல்லாருக்கும் கம்பெனிப் பெயரில்லாத ஒரே மாதிரியான சைக்கிள்களைத் தந்தார். செலவை ஈடுசெய்ய, பந்தயத்தின் முன்னே விளம்பர வண்டிகள் அணிவகுத்துச் செல்ல அனுமதித்துப் பணம் பெற்றார். வானொலி நேர்முக வர்ணனையும் அந்த ஆண்டுகளில் வந்து சேர்ந்தது. 1933-ஆம் ஆண்டுப் பந்தயத்தின்போது அவர் ஏடு ஒரு நாளில் 8,54,000 படிகள் வரை விற்றது.

முடிவு

1936-இல், எழுபத்தொரு வயதில், அறுவைச் சிகிச்சைக்கிடையே அவர் பந்தயத்தோடு காரில் புறப்பட்டார். சாலையின் ஒவ்வொரு குலுங்கலும் உடம்பைக் கிழித்தது. இரண்டு நாளில் தாங்க முடியாமல், விக்டர் கொதேயின் மகன் ழாக் கொதேயிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு இறங்கினார். வீரர்கள் சாலையில் பட்ட வேதனை என்னவென்று அந்த இரண்டு நாளில் அவர் நினைத்துப் பார்த்திருப்பாரா? நினைத்திருக்க வேண்டும் என்றே என் மனம் விரும்புகிறது.

1940 ஆகஸ்டு 16-ஆம் நாள், தென்கடற்கரையிலுள்ள பொவலோன் என்னும் ஊரில் தெகிராஞ்சு காலமானார். இரண்டு மாதத்துக்கு முன்புதான் ஜெர்மானியப் படை பாரிசுக்குள் புகுந்திருந்தது. அவ்வாண்டு பந்தயம் நடக்கவில்லை. போருக்குப் பின் அவருடைய ஏடு இல்லாமற் போயிற்று. 1946-இல் ழாக் கொதே 'லெக்கீப்' என்ற புதிய ஏட்டைத் தொடங்கினார். 1947-இல் பந்தயம் மீண்டும் புறப்பட்டது. 1949-இல் ஆல்ப்ஸ் மலையில், அவர் பெரிதும் நேசித்த கலிபியே கணவாயருகே நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். 35.325 கிலோமீட்டர் அழிந்துவிட்டது. மஞ்சள் சட்டை அழியவில்லை.

நண்பர்களே, தெகிராஞ்சை நான் வணங்கவும் மாட்டேன், தூற்றவும் மாட்டேன். தம் கால்களைவிட வலிய கால்கள் உண்டு என்று அறிந்ததும் ஒதுங்கிப் பொறாமைப்படாமல், அந்தக் கால்களுக்கு நாடளவு பெரிய திடலை அமைத்துக் கொடுத்தாரே, அது பெருமை. எழுதுகோல் கையிலிருந்ததால், துருத்தி ஊதிய சிறுவனின் இரக்கத்தையும் குற்றமாக எழுதும் ஆட்சி அவருக்குக் கீழ் நடந்ததே, அது சிறுமை. நாமும் நாளை ஆய்வறிக்கை எழுதுவோம், பிறர் விடைத்தாளைத் திருத்துவோம், அதிகாரியாகக் குறிப்பெழுதுவோம். பிறர் உழைப்பு நம் எழுத்தில் சுருங்கி நிற்கப்போகிறது. எழுதுமுன் ஒருமுறை அவர்கள் மிதித்த சாலையில் நாமும் மனத்தால் மிதித்துப் பார்ப்பது நல்லது.

இதைப் படித்து முடித்த மறுநாள், மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் என் பழைய தாளுக்குக் கீழே ஒரு சிறு தாளை ஒட்டினேன். நூலக வளைவில் விழுந்தவர் எழுந்து வந்து மூன்றாமிடம் பெற்றார் என்ற ஒரே வரிதான் அதில் இருந்தது. இம்முறை யாரும் சிரிக்கவில்லை. நண்பர் மட்டும் மாலையில் என் அறைக்கு வந்து, அடுத்த பந்தயத்துக்கு என் சைக்கிளில் எண்ணெய் போட்டுத் தருவதாகச் சொன்னார்.